விளக்கு எரிந்தது, முன்சக்கரம் இழுக்கவில்லை

தாணே மாவட்டத்தின் வடகிழக்கே, மும்பை–நாசிக் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஷாஹாபூர் வட்டத்திற்குள் நுழைந்தால் மண்ணின் குணமே மாறிவிடுகிறது. மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா, பாட்சா நீர்த்தேக்கங்கள் இந்த வட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றை நிரப்பும் மழைதான் இங்குள்ள வண்டிப்பாதைகளையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை குழைத்துப் போடுகிறது. மராத்தியில் சேற்றுக்குச் ‘சிக்கல்’ என்று பெயர். தமிழர்களாகிய நமக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் நால்வர், தாணேயில் வசிக்கும் நண்பர்கள். எங்களுள் ஒருவர் மராத்தியர். அவருடைய குடும்பத்திற்கு அங்கே ஒரு மாந்தோட்டமும் சிறிது நெல்வயலும் உண்டு. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து வீடு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்தில் அந்தத் தொலைவைக் கார் கடக்காது. டிராக்டர் கடக்கும், ஆனால் டிராக்டர் எப்போதும் கிடைப்பதில்லை. எனவே நால்வரும் பணம் போட்டு, பயன்படுத்தப்பட்ட ஏடிவி ஒன்றை வாங்கினோம். அகன்ற, காற்றழுத்தம் குறைந்த நான்கு டயர்களும், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற கைப்பிடியும் கொண்ட, கரடுமுரடான நிலத்திற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் முறைப்படி அமரக்கூடிய இருவர் வகை. கைப்பிடியில் இருக்கும் ஒரு சிறு பொத்தானை அழுத்தினால் ‘ஆல் வீல் டிரைவ்’, அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் நிலை. அந்தப் பொத்தானுக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தோம் என்று சொன்னாலும் தவறில்லை.

இரண்டு மழைக்காலங்கள் அது குறையின்றி உழைத்தது. உர மூட்டை, மாங்கன்று, எரிவாயு உருளை, விருந்தினர் எல்லாம் அதில்தான் போய் வந்தன. மூன்றாம் ஆண்டு ஜூலையில், நாற்று நடவு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் இருட்டும் நேரத்தில், தோட்டத்துக் காவலரின் மனைவியைப் பாம்பு கடித்தது. அன்று எங்களில் இருவர் அங்கே இருந்தோம். 108 ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரை வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டார்கள். நோயாளியை அங்கே கொண்டு சேர்ப்பது மட்டுமே எங்கள் வேலை.

பொத்தானை அழுத்தினோம். முகப்பில் நான்கு சக்கரங்களுக்கான விளக்கு பளிச்சென்று எரிந்தது. பாதித் தொலைவில் ஓடையோரச் சரிவில் பின்சக்கரங்கள் இரண்டும் சுழன்று சேற்றைப் பின்னால் வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையாமல் நின்றன. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. மேலும் முறுக்க முறுக்க, வண்டி அச்சு வரை புதைந்தது.

கடைசியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நடவுக்கு வந்திருந்தவர்கள் நால்வர் மாற்றி மாற்றிச் சுமந்து சென்றார்கள். முக்கால் மணி நேரம் வீணாயிற்று. அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். எங்களை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பாரமாக இருந்தது. அந்த முக்கால் மணி நேரம் எப்படி வீணாயிற்று என்பதைத் தேடிப் போனபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். இத்தகைய வண்டி வைத்திருப்போருக்கும், வாங்க எண்ணுவோருக்கும், நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் வைத்திருப்போருக்குங்கூட இதில் கொஞ்சம் பயன் இருக்கும்.

வண்டியை ஒரு சிறு சரக்கு வாகனத்தில் ஏற்றித் தாணே வாக்ளே எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தோம். அங்கே பட்டறை வைத்திருப்பவர் தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்:

“அண்ணாச்சி, வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போட்டா சுவிட்சுல சிவப்பு லைட்டு எரியும். அதனால ஃபேன் சுத்துதுன்னு அர்த்தமா?”

எங்கள் வண்டியில் அந்த விளக்கு, பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. முன்சக்கரங்கள் உண்மையில் பிணைந்தனவா என்பதைச் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த விளக்கைப் பார்த்தே நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

இந்த வகை வண்டியின் முன் கியர் பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். இயந்திரத்தின் விசை எப்போதும் பின்சக்கரங்களுக்குப் போகிறது. முன்பக்கத்திற்கும் ஒரு தண்டு ஓடி, முன் கியர் பெட்டியிலுள்ள பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தப் பற்சக்கரத்திற்கும் முன்சக்கர அச்சுகளுக்கும் நடுவே நேரடிப் பிணைப்பு இல்லை. சிறு உருளைகள் பல ஒரு கூண்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சைக்கிளின் ஃப்ரீவீலை நினைத்துக்கொள்ளலாம். மிதிக்கும்போது பிடித்துக்கொள்கிறது, மிதிக்காமல் உருளும்போது விட்டுவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு மின்காந்தச் சுருள், பட்டறை மொழியில் ‘காயில்’, உயிர்பெற்று, ஒரு மெல்லிய தகட்டை ஈர்த்து, உருளைகளைப் பிடிப்பதற்குத் தயாரான நிலையில் நிறுத்துகிறது. தயாராக நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

முன்பக்கப் பற்சக்கர விகிதம் சற்றே குறைவாக அமைக்கப்பட்டிருக்கும். ஆகையால் வண்டி வழுக்காமல் ஓடும்போது முன்சக்கரங்கள் தரையின் வேகத்தில் உருண்டு, உள்ளேயிருக்கும் பற்சக்கரத்தை விட ஒரு சிறிது முந்தியே சுழல்கின்றன, உருளைகள் பிடிப்பதில்லை. பின்சக்கரம் வழுக்கித் தரையின் வேகத்தை மிஞ்சியதும் உள்ளிருக்கும் பற்சக்கரம் முன் அச்சை எட்டிப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் உருளைகள் ஆப்பு வைத்தாற்போல் இறுகி, முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன. வழுக்கல் நின்றதும் தாமாகவே விடுபட்டுவிடுகின்றன. அழகான ஏற்பாடு. ஆனால் மூன்று விஷயங்களை அது நம்பியிருக்கிறது: காயிலுக்கு வரவேண்டிய முழு மின்னழுத்தம், உள்ளே இருக்கவேண்டிய சரியான திரவம், சரியான அளவுள்ள டயர்கள். எங்கள் வண்டியில் மூன்றுமே கெட்டிருந்தன.

பட்டறைக்காரர் மல்டிமீட்டரை எடுத்து, முன் கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் இரண்டு கம்பிகளின் கனெக்டரைப் பிரித்தார். காயிலின் மின்தடையை அளந்தபோது ஏறத்தாழ 24 ஓம் காட்டியது. அந்த மாதிரிக்கு அது சரியான அளவு. காயில் நல்ல நிலையில்தான் இருந்தது. வண்டிப் பக்கத்துக் கனெக்டரைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பச்சைப் பாசிபோல் களிம்பேறியிருந்தது. இயந்திரத்தை இயக்கி, பொத்தானை அழுத்தி அளந்தால், 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் பாதிதான் வந்தது. அவ்வளவு பலவீனமான காந்தம் தகட்டை ஈர்க்கவில்லை. தகடு நகராததால் உருளைகள் பிடிக்கவில்லை. விளக்குக்குப் போகும் மின்சாரம் வேறு வழியில் போவதால் அது குறையின்றி எரிந்தது.

அடுத்து, கியர் பெட்டியின் அடிப்பக்கத் திருகைக் கழற்றினார். வெளியே வந்தது எண்ணெய் அல்ல, பால் ஊற்றிய காபி. தண்ணீர் எப்படி உள்ளே போனது? வெயிலில் ஓடிச் சூடான பெட்டி ஓடைத் தண்ணீரில் சட்டென இறங்கும்போது குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சத் தேடுகிறது. அதற்காகத்தான் ஒரு மெல்லிய குழாய் மேல்நோக்கிப் போய் உயரமான இடத்தில் மூச்சு விடுகிறது. எங்கள் வண்டியில் அந்தக் குழாயின் வாயில் குளவி ஒன்று மண் கூடு கட்டி அடைத்திருந்தது. மூச்சுக்குழாய் அடைபட்டதால் பெட்டி தன் சீல்கள் வழியே ஓடையைக் குடித்திருக்கிறது.

இதிலே எங்கள் தவறும் உண்டு. முந்தைய ஆண்டு நாங்கள் வேறொரு கடையில் எண்ணெய் மாற்றியிருந்தோம். அங்கே, “எல்லாக் கியருக்கும் ஒரே எண்ணெய்தான்” என்று கெட்டியான கியர் எண்ணெயை ஊற்றினார்கள். நாங்களும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த உருளைப் பிணைப்புக்கு வண்டி நிறுவனம் தனித் திரவம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. அதன் நீர்மைக்கேற்பத்தான் அந்த மெல்லிய தகடும் உருளைகளும் நேரத்தில் அசையும். பின்பக்கப் பெட்டிக்கு வேறு எண்ணெய், நடுப்பெட்டிக்கு வேறு எண்ணெய். மூன்று திரவத்திற்கும் மொத்தமாக ஆகும் செலவு, நால்வர் குடும்பத்தோடு ஒருமுறை உணவகம் போய்வரும் செலவை விட அதிகமில்லை. பொதுவாக 100 மணி நேர ஓட்டம் அல்லது ஓராண்டு, எது முந்தியோ அப்போது மாற்றச் சொல்வார்கள்; ஓடையில் இறங்கி ஏறும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திருகைச் சற்றே தளர்த்தி நிறத்தைப் பார்ப்பது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டியதுதான்.

டயர் விஷயம் சிரிப்புக்குரியது. இந்த டயர்களுக்கு வேண்டிய காற்றழுத்தம் ஒற்றை இலக்கம். எங்கள் வண்டிக்கு 5 பி.எஸ்.ஐ. அளவில். பெட்ரோல் பங்க்கில் இருக்கும் அளவுமானிக்கு அவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டத் தெரியாது. டயரைக் கழற்றிக்கொண்டு போனவரிடம், காருக்கு அடிக்கிற பழக்கத்தில், கல்போல் காற்றடித்துக் கொடுத்திருந்தார்கள். பின் டயர் உப்பி அதன் சுற்றளவு கூடியது; முன்டயரோ தேய்ந்து சிறுத்திருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் நுட்பமாகக் கணக்கிட்டு வைத்த வேக வித்தியாசம் இதனால் குலைந்துபோகிறது. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமலும், பிடிக்கக் கூடாத கெட்டித் தரையில் பிடித்து இழுத்தும் தொல்லை தரும். குறைந்த அழுத்தம் காட்டும் சிறு அளவுமானி ஒன்று இப்போது காவலர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. டயர் மாற்றினால் நான்கையும், நிறுவனம் குறிப்பிட்ட அளவிலேயே மாற்றுவது என்பதும் எழுதாத சட்டமாகிவிட்டது.

ஓட்டும் முறையிலும் நாங்கள் கற்க வேண்டியிருந்தது. சேற்றில் இறங்கிப் புதைந்த பிறகு, பின்சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்போது பொத்தானை அழுத்துவது மிகத் தவறு. நிற்கும் முன் அச்சின் மீது சுழலும் விசை முழுவதும் ஒரே கணத்தில் மோதும்; உருளைக் கூண்டோ அச்சோ முறியும். இதைத் தவிர்க்கவே பல வண்டிகளில் இயந்திர வேகம் குறைந்தால்தான் காயிலுக்கு மின்சாரம் போகும்படி செய்திருக்கிறார்கள். சேறு கண்ணில் பட்டதும், இறங்குவதற்கு முன்பே, நிதானமான வேகத்தில் பொத்தானை அழுத்திவிடுவதுதான் முறை. இன்னொன்று: வழுக்கினால்தான் முன்சக்கரம் பிணையும் என்பதால், செங்குத்தான இறக்கத்தில் இந்த அமைப்பு இயந்திரத் தடுப்பை முன்சக்கரங்களுக்குத் தருவதில்லை. அதற்கென்று தனி வசதி உள்ள மாதிரிகள் உண்டு, எங்களுடையதில் இல்லை. ஆகவே இறக்கத்தில் ‘லோ’ கியர், பின்பக்க எடை, மெல்லிய பிரேக். சுமை ஏற்றிய போதும், நடை வேகத்தில் ஊரும் போதும் லோ கியரில் ஓட்டாவிட்டால் உள்ளிருக்கும் பெல்ட் வழுக்கிச் சூடேறித் தீய்ந்துபோகும். பெல்ட் எரியும் வாடையை ஒருமுறை நுகர்ந்தவர் மறக்கமாட்டார்.

எல்லா ஏடிவியும் இப்படித்தான் என்று கொள்ளக் கூடாது. சில ஜப்பானிய வண்டிகளில் முன்பக்கம் டிஃபரன்ஷியல் இருக்கும். இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், டிஃபரன்ஷியல் பூட்டு என்று மூன்று நிலைகள் வரும். பூட்டிய நிலையில் கைப்பிடி பாறைபோல் கனக்கும். சேற்றைத் தாண்டியதும் விடுவித்துவிட வேண்டும். வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கார்களில் இதற்கு நேர் மாறான ஒரு தவறு நடக்கிறது. மும்பைக்கும் நான்கு சக்கர இயக்கத்திற்கும் உறவு பழையது. அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்திலிருந்து 75 ஜீப்புகள் பகுதி பகுதியாக வந்து, 1949இல் மஹிந்திரா நிறுவனத்தாரால் இங்கே பம்பாயில்தான் இணைக்கப்பட்டன. அந்த மரபில் வந்த ஜீப்புகளிலும் தார் வண்டியிலும், மாருதியின் ஜிப்சியிலும் இருப்பது ‘பகுதிநேர’ நான்கு சக்கர இயக்கம். நெம்புகோலைத் தள்ளினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன; நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட அதிகத் தூரம் ஓடவேண்டும். சேற்றில் ஏதேனும் ஒரு சக்கரம் வழுக்கி அந்தக் கணக்கை நேர் செய்துகொள்ளும். உலர்ந்த கோட்பந்தர் சாலையில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் தண்டுகளிலும் பற்களிலும் ஏறிக்கொண்டே போகும். “ஃபோர் வீல்ல போட்டா ரோட்ல நல்லா பிடிக்கும்” என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கியர் பெட்டிக்காக நாங்கள் வருந்துகிறோம்.

எனினும் நெம்புகோலை ஒருபோதும் தொடாமல் விடுவதும் கூடாது. மாதம் ஒருமுறையேனும் ஈர மண்ணில் சில நூறு மீட்டர் நேராக ஓட்டினால்தான் உள்ளிருக்கும் பாகங்கள் எண்ணெய் கண்டு துருவேறாமல் இருக்கும்.

வங்கி இதழில் எழுதுவதால் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் ஏடிவிக்களில் பெரும்பாலானவை சாலையில் ஓட்டுவதற்கெனப் பதிவு செய்யப்படாதவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்திற்கும் பதிவும், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் என்கிறது. பதிவெண் இல்லாத வண்டி தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் குற்றமே. அங்கே விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். டிராக்டர் என்ற வகையில் பதிவு செய்யத்தக்க மாதிரிகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. சாலையைக் கடக்க நேரும் விவசாயிகள் அதை விசாரிக்கலாம். பதிவுச் சான்று இல்லாத வண்டிக்கு வழக்கமான வாகனக் கடனும் எளிதில் பொருந்தாது. கடன் குறிப்பை ஏற்றுவதற்குச் சான்றிதழே இல்லையல்லவா? தனிநபர் கடனை நாடினால் வட்டி கூடுதலாக இருக்கும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் சேமிப்பிலிருந்தே வாங்கினோம். ஆனால் பராமரிப்புக்கென்று ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. இப்போது நால்வரும் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டு வருகிறோம். மே மாதத்தில் அது முதிர்கிறது.

இன்னுமொரு செய்தி. தாணேவாசிகள் சிலர் யேவூர் மலையில் இத்தகைய வண்டி ஓட்டலாமா என்று எங்களைக் கேட்டதுண்டு. யேவூர், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் தாணே பக்கம்; அங்கே காட்டுக்குள் வண்டி ஓட்டுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடற்கரையில் காவல்துறையினர் ஏடிவியில் ரோந்து போவதைப் பார்த்து நாமும் ஓட்டலாம் என்று நினைப்பதும் அப்படித்தான். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால், பெரிய வண்டிகளில் 16 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டுப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தலைக்கவசம் தோட்டத்துக்குள்ளும் வேண்டும். 1980களில் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவிக்கள் கவிழ்ந்து இறந்தவர்கள் ஏராளம். 1988இல் அவற்றின் விற்பனையே நிறுத்தப்பட்டது. நான்கு சக்கரம் வந்த பிறகும் கவிழும் குணம் முழுவதும் போய்விடவில்லை.

பட்டறையில் வண்டி மூன்று நாள் இருந்தது. கனெக்டர் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நீர் புகாத கிரீஸ் தடவினார்கள். மூச்சுக்குழாயை ஊதித் திறந்து, வாயில் சிறு வலை வைத்தார்கள். பெட்டியை இருமுறை அலசிப் புதுத் திரவம் ஊற்றினார்கள். அச்சுகளின் இணைப்பை மூடும் ரப்பர் உறைகளில் ஒன்று கிழிந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சேறு உள்ளே போய் இணைப்பையே தின்றிருக்கும் என்றார். எல்லாம் சேர்ந்து செலவு ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை. பணம் கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: “பிரஷர் பம்பை வச்சு சீல் மேல அடிக்காதீங்க அண்ணாச்சி. சும்மா ஹோஸ்ல தண்ணி விட்டுக் கழுவினாப் போதும்.”

கடந்த ஜூன் முதல் வாரத்தில், முதல் பெருமழை பெய்த மறுநாள், அதே ஓடையோரச் சரிவில் வண்டியை நிறுத்தினோம். காவலர் முன்சக்கரத்தருகே, கைக்கெட்டாத தூரத்தில், குனிந்து நின்றார். விளக்கை யாரும் பார்க்கவில்லை. பின்சக்கரம் கால் சுற்று வழுக்கியது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒருசேரச் சேற்றைக் கவ்வி இழுத்தன. “காஹீ பிரச்ன நாஹீ” என்று அவர் கையசைத்தார். காவலரின் மனைவி வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக் கொட்டகைச் சுவரில் நாங்கள் ஒட்டிவைத்த அட்டையில் அன்றைய தேதியையும் மணிக்கணக்கையும் அவருடைய மகள் மராத்தியில் எழுதினாள். அடுத்து திருகைத் தளர்த்திப் பார்க்க வேண்டிய நாள் ஜூலை 5.